சுயமதிப்பீட்டு முறைகள்: எந்த முடிவுக்கு எது கைகொடுக்கும்?

வேலையில் ஐந்தாறு வருடம் ஓடியதும் பெரும்பாலும் மூன்று கேள்விகளில் ஒன்று முன்னால் வந்து நிற்கும். இதே துறையில் அடுத்த படிக்கு ஏற எனக்கு என்ன குறைகிறது? டீம் லீட், மேனேஜர் என்று ஆட்களைப் பார்த்துக்கொள்ளும் பக்கம் போவதா, தொழில்நுட்பத்திலேயே ஆழமாக இறங்குவதா? அல்லது துறையையே மாற்றிவிடலாமா? மூன்றுக்கும் "முதலில் உங்களை நீங்களே மதிப்பிட்டுப் பாருங்கள்" என்ற ஒரே அறிவுரைதான் கிடைக்கிறது. எதை வைத்து மதிப்பிடுவது என்று கேட்டால், யாரோ ஒருவர் வாட்ஸ்அப்பில் ஓர் ஆன்லைன் டெஸ்ட்டின் லிங்க்கை அனுப்புவார்.

இந்த டெஸ்ட்டுகள் எல்லாம் ஒரே பொருளை அளப்பவை அல்ல. ஆர்வம் வேறு, குணம் வேறு, திறமை வேறு, எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று மனதுக்குள் வைத்திருக்கும் தேவை வேறு. ஆர்வத்தை அளக்கும் டெஸ்ட்டை எழுதிவிட்டுப் பதவி உயர்வுக்குத் தயாரா என்று பார்த்தாலும் ஏதோ ஒரு பதில் வரத்தான் செய்யும். அது நீங்கள் கேட்ட கேள்விக்கான பதிலாக இருக்காது, அவ்வளவுதான்.

எங்கள் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அடுத்த படிக்கு ஏறுவதற்கு, ஆதாரம் கேட்கும் திறன் அட்டவணை. மேனேஜரா நிபுணரா என்ற கேள்விக்கு, எட்கர் ஷைனின் கேரியர் ஆங்க்கர் முறை. துறை மாற்றத்துக்கு, ஹாலந்தின் ஆர்வச் சோதனை. குணம் பார்க்கும் டெஸ்ட்டுகள் பின்வரிசைக்குத்தான் பொருந்தும்.

நம் கணிப்பை எவ்வளவு நம்பலாம்?

"என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா?" தெரியும், ஆனால் நினைப்பதைவிடக் குறைவாகத்தான் தெரியும். மேப், வெஸ்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1982இல் 55 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஒருவர் தன் திறமைக்குத் தானே தரும் மதிப்புக்கும், சோதித்து அறிந்த திறமைக்கும் இடையே இருந்த ஒட்டுறவு சராசரியாக 0.29. இரண்டும் முழுக்கப் பொருந்தினால் அது 1 ஆக இருக்கும். தொடர்பே இல்லையென்றால் 0. 2014இல் ஸெல், கிரிஸான் இருவரும் அதைவிடப் பெரிய தொகுப்பை எடுத்துப் பார்த்தபோதும் அதே 0.29தான் வந்தது.

இதைப் படித்துவிட்டுச் சுயமதிப்பீடே வீண் என்று ஒதுக்க வேண்டியதில்லை. கணிப்பு எப்போது கூர்மையாகிறது என்பதையும் இந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கேள்வி பொதுப்படையாக இல்லாமல் குறிப்பாக இருக்க வேண்டும். மதிப்பிட்டது பிறகு சரிபார்க்கப்படும் என்று தெரிந்திருக்க வேண்டும். மற்றவர்களோடு ஒப்பிட்டு மதிப்பிட வேண்டும். ஏற்கெனவே இப்படி மதிப்பிட்டுப் பழகியிருக்க வேண்டும். இது யாருடைய மதிப்பெண் என்று வெளியே தெரியாது என்ற உறுதியும் இருக்க வேண்டும். "எனக்குப் பேச்சுத்திறன் உண்டா?" என்று கேட்டால் மனம் எதையாவது சொல்லித் தப்பித்துக்கொள்ளும். "டெலிவரி ஒரு வாரம் தள்ளிப்போகிறது என்பதை வாடிக்கையாளரிடம் நானே போனில் சொல்லிச் சமாளித்திருக்கிறேனா, கடைசியாக எப்போது?" என்று கேட்டால் தப்பிக்க இடமில்லை.

கீழே வரும் முறைகளை இந்த அளவுகோல்களை வைத்துத்தான் எடை போட்டிருக்கிறோம்.

அப்ரைசல் படிவம் இந்தக் கணக்கில் சேராது

மார்ச், ஏப்ரலில் எச்.ஆர். அனுப்பும் சுயமதிப்பீட்டுப் படிவத்தை நிரப்பியதும் தன் வளர்ச்சித் திட்டமும் முடிந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அந்தப் படிவம் இன்கிரிமென்ட்டோடு கட்டப்பட்டது. இத்தனை பேருக்குத்தான் உயர்ந்த ரேட்டிங் என்று முன்கூட்டியே பங்கு பிரித்து வைத்திருக்கும் நிறுவனத்தில், உங்கள் குறையை நீங்களே எழுதிக் கொடுப்பது மேனேஜருக்கு வேலையைச் சுலபமாக்கும். ஆகவே எல்லோரும் அதைப் பேரம் பேசும் காகிதமாகத்தான் எழுதுகிறார்கள், எழுதவும் வேண்டும். உண்மையான மதிப்பீட்டை உங்கள் சொந்த லேப்டாப்பில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

படிவத்தால் ஒரு நன்மை உண்டு. வருடம் முழுக்கச் செய்த வேலைகளின் பட்டியல் அதில் இருக்கும். வேலையை விட்ட நாளில் அந்த போர்ட்டல் மூடிக்கொள்ளும். அதனால் வாடிக்கையாளர் பெயர், ரகசியத் தகவல் எதுவும் இல்லாமல் உங்கள் சாதனைகளை மட்டும் ஒவ்வொரு வருடமும் உங்கள் சொந்த வார்த்தைகளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லப்போகும் அட்டவணைக்கு அதுதான் மூலப்பொருள்.

அடுத்த படிக்கு: ஆதாரம் கேட்கும் திறன் அட்டவணை

இதற்குக் காசு செலவில்லை. இரண்டு மாலை நேரமும் ஓர் எக்செல் ஷீட்டும் போதும். சென்னையில் ஏழு வருடம் மேனுவல் டெஸ்டிங் (மென்பொருளைக் கையால் சோதிக்கும் வேலை) செய்த ஒருவர் டெஸ்ட் லீட் ஆக விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் மாலை வேலை விளம்பரங்களுக்கு. நௌக்ரி, லிங்க்ட்இன் இரண்டிலும் தேடி, அதே ஊரில், அதே அனுபவ வரம்பில், டெஸ்ட் லீட் பணிக்கான 12 முதல் 15 விளம்பரங்களை எடுக்க வேண்டும். ஒரே பணியிடத்தை நான்கு கன்சல்டன்சிகள் போட்டிருப்பார்கள். அதை ஒன்றாக மட்டும் எண்ணுங்கள். ஒவ்வொரு விளம்பரமும் கேட்பதைத் தனித்தனி வரியாக எழுதி, எது எத்தனை விளம்பரத்தில் வருகிறது என்று எண்ணுங்கள். பாதிக்கு மேல் வருவதுதான் சந்தை உண்மையில் கேட்பது. ஒன்றிரண்டில் மட்டும் வருவது அந்த நிறுவனத்தின் ஆசைப் பட்டியல். விளம்பரத்தில் இருபது அம்சம் பார்த்து மிரண்டு விண்ணப்பிக்காமலே விடுபவர்கள் இந்த எண்ணிக்கையைப் போட்டுப் பார்த்தால் இருபது ஏழாகச் சுருங்குவதைக் காண்பார்கள்.

பட்டியலை 12 வரிக்கு மேல் போக விடாதீர்கள். ஒவ்வொரு வரியையும் ஒரு செயலாக எழுதுவது முக்கியம். "ஆட்டோமேஷன்" என்பது ஒரு தலைப்பு, அதற்கு மதிப்பெண் போட முடியாது. "செலினியம் என்ற தானியங்கிச் சோதனைக் கருவியில் எழுதிய 200 டெஸ்ட்டில் தினமும் உடையும் பத்தை எடுத்து ஏன் உடைகிறது என்று கண்டுபிடிப்பது" என்றால் போடலாம். "லீடர்ஷிப்" என்பதும் அப்படித்தான். "ரிலீஸுக்கு இரண்டு நாள் முன்பு, இது தயாராகவில்லை என்று பிராஜெக்ட் மேனேஜரிடம் எண்ணிக்கையோடு சொல்வது" என்று இறக்கி எழுதினால்தான் அது உங்களிடம் இருக்கிறதா இல்லையா என்று தெரியும்.

இரண்டாம் மாலை மதிப்பெண்ணுக்கு. ஒன்று முதல் பத்து வரை என்ற அளவுகோல் வேண்டாம். ஆறுக்கும் ஏழுக்கும் என்ன வித்தியாசம் என்று யாராலும் சொல்ல முடியாது. எல்லோரும் ஏழில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். பூஜ்யம் முதல் நான்கு போதும், ஒவ்வொன்றுக்கும் பொருள் இருக்கட்டும். பூஜ்யம் என்றால் செய்ததே இல்லை. ஒன்று என்றால் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் செய்வேன். இரண்டு என்றால் வழக்கமான வேலையைத் தனியாக முடிப்பேன். மூன்று என்றால் வழக்கத்துக்கு மாறாகச் சிக்கல் வந்தாலும் தனியாகச் சமாளிப்பேன். நான்கு என்றால் அந்த வேலையில் மற்றவர்கள் என்னிடம் கேட்டு வருகிறார்கள், செய்முறையை நான்தான் வகுத்தேன்.

மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு கட்டங்கள் வர வேண்டும். ஒன்றில் ஆதாரம்: எந்த வேலையில் செய்தேன், விளைவு என்ன. மற்றொன்றில் கடைசியாகச் செய்த மாதமும் வருடமும். ஆதாரம் எழுத முடியவில்லை என்றால் மதிப்பெண் ஒன்றைத் தாண்டக் கூடாது. கடைசியாகச் செய்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் ஒரு மதிப்பெண் குறையும். இந்த இரண்டு விதிகளைப் போட்டதும் பலருடைய அட்டவணையில் மூன்றுகள் கரைந்துபோகும். கோர்ஸ் முடித்த சான்றிதழ் ஆதாரமாகாது. சான்றிதழ் படித்ததைக் காட்டும், செய்ததைக் காட்டாது.

இன்னொரு கட்டத்தையும் சேர்க்கச் சொல்வோம், பலர் அதை விட்டுவிடுகிறார்கள்: இந்த வேலையை இன்னும் நிறையச் செய்யப் பிடிக்குமா, ஆம் அல்லது இல்லை. மதிப்பெண் நான்கு, விருப்பம் "இல்லை" என்று வரும் வரிகள் ஆபத்தானவை. நன்றாகச் செய்வீர்கள் என்பதாலேயே அந்த வேலை உங்கள் தலையில் கட்டப்படும். ரிப்போர்ட் தயாரிப்பதில் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தவர் மூன்று வருடம் கழித்தும் ரிப்போர்ட்தான் தயாரித்துக்கொண்டிருப்பார்.

பிறகு, மதிப்பெண்ணை மறைத்துவிட்டு அதே ஷீட்டை இரண்டு பேரிடம் கொடுங்கள். உங்கள் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்த சீனியர் ஒருவர். உங்கள் வேலை முடிந்தால்தான் தன் வேலையைத் தொடங்க முடியும் என்ற நிலையில் இருப்பவர் ஒருவர். இரண்டாமவர் சொல்வதுதான் பெரும்பாலும் சுருக்கென்று தைக்கும், பயனும் அதில்தான் அதிகம். நண்பர், வாழ்க்கைத் துணை இருவரும் வேண்டாம். அவர்கள் உங்களை மதிப்பிடுவார்கள், வேலையை அல்ல. ரேட்டிங் போடும் மேனேஜரிடமும் அப்ரைசல் மாதங்களில் கொடுக்காதீர்கள். ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் கேட்டால் நிதானமாகப் பேசுவார். உங்கள் மதிப்பெண்ணுக்கும் அவர்கள் மதிப்பெண்ணுக்கும் ஒன்று வித்தியாசம் இருந்தால் விட்டுவிடலாம். இரண்டு இருந்தால் "எந்த வேலையைப் பார்த்து இப்படிப் போட்டீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள், வாதாடாதீர்கள். ஒருமுறை வாதாடினால் அடுத்த தடவை அவர் எல்லா வரிக்கும் மூன்று போட்டுத் திருப்பித் தந்துவிடுவார்.

கடைசியில் மொத்தத்தைக் கூட்டிச் சராசரி பார்க்கும் ஆசை வரும். கூட்டக் கூடாது. 12 வரியில் பத்தில் மூன்று வாங்கி, சந்தை கட்டாயமாகக் கேட்கும் இரண்டில் பூஜ்யம் வாங்கியவரின் சராசரி 2.5; பார்க்க நன்றாக இருக்கும், இன்டர்வியூவில் முதல் சுற்றிலேயே வெளியே வருவார். அதிக விளம்பரங்களில் வரும் வரிகளில் எங்கே குறைவு என்று மட்டும் பாருங்கள். அதில் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தை எடுத்தவர் பொதுவாக ஐந்து கோர்ஸுக்குப் பணம் கட்டி ஒன்றையும் முடிக்க மாட்டார். எடுத்த இரண்டில் ஒன்றாவது இப்போதைய பிராஜெக்ட்டிலேயே செய்து பழகக்கூடியதாக இருக்கட்டும். அப்போதுதான் ஆறு மாதம் கழித்து ஆதாரக் கட்டத்தில் எழுத ஏதாவது இருக்கும்.

வரிகளை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாதவர்களுக்குத் தயாராக இரண்டு இடங்கள் உண்டு. ஐ.டி. துறைக்கு எஸ்எஃப்ஐஏ என்ற சட்டகம் இருக்கிறது, 2000இல் வந்தது. பொறுப்பை ஏழு நிலையாகப் பிரித்து, ஒவ்வொரு திறனும் ஒவ்வொரு நிலையில் எப்படி இருக்கும் என்று விவரிக்கிறது. தனிநபர் தன் வளர்ச்சிக்குப் பயன்படுத்தக் கட்டணமில்லை. அதைப் படிக்கும்போது உறைக்கும் ஒரு விஷயம், நிலை என்பது அனுபவ வருடங்களைப் பொறுத்தது அல்ல என்பது. யார் மேற்பார்வையும் இல்லாமல் எவ்வளவு முடிவெடுக்கிறீர்கள், உங்கள் முடிவு எத்தனை பேரைத் தொடுகிறது, வேலை எவ்வளவு சிக்கலானது என்பவைதான் நிலையைத் தீர்மானிக்கின்றன. பத்து வருட அனுபவமும் "சீனியர்" என்ற பட்டமும் வைத்திருந்து, பொறுப்பில் மூன்றாம் நிலையில் நிற்பவர்கள் நிறைய.

தொழிற்சாலை, ஆட்டோமொபைல், ஜவுளி, சுகாதாரம் போன்ற துறைகளில் இருப்பவர்கள் இந்திய அரசின் தேசியத் திறன் தகுதிச் சட்டகத்தின் கீழ் வெளியான பணித்தர ஆவணங்களைப் பார்க்கலாம். அந்தந்தத் துறையின் திறன் கவுன்சில்கள் தயாரித்தவை, இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு பணியில் இருப்பவர் என்னென்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று வரிவரியாக இருக்கும். ஆங்கிலம் கொஞ்சம் வறட்சியானது, ஆனால் ஷீட்டுக்கு வேண்டிய வரிகள் அப்படியே கிடைக்கும்.

மேனேஜரா, நிபுணரா: ஷைனின் ஆங்க்கர் முறை

நன்றாக கோடு (புரோகிராம்) எழுதுபவரை டீம் லீட் ஆக்கி, நல்ல புரோகிராமர் ஒருவரை இழந்து, சுமாரான மேனேஜர் ஒருவரைப் பெறுவது நம் அலுவலகங்களில் வாடிக்கை. இந்த இடத்தில் திறன் அட்டவணை அதிகம் உதவாது. செய்ய முடியுமா என்பதைத்தான் அது சொல்லும், செய்தபின் அங்கேயே நிலைப்பீர்களா என்பதைச் சொல்லாது.

அமெரிக்காவின் எம்ஐடி மேலாண்மைப் பள்ளியில் பேராசிரியராக இருந்த எட்கர் ஷைன், 1960களின் தொடக்கத்தில் 44 மாணவர்களைப் பேட்டி கண்டு, பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து அவர்களை மறுபடியும் சந்தித்தார். அவர்கள் பார்த்த வேலைகளில் பெரிய ஒழுங்கு எதுவும் தெரியவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் ஏன் அப்படி முடிவெடுத்தார்கள் என்று சொன்ன காரணங்களில் ஒழுங்கு தெரிந்தது. வேலை பொருந்தாத இடத்துக்குப் போனவர்கள் ஏதோ ஒன்று பின்னுக்கு இழுப்பதாகச் சொன்னார்கள். அந்த இழுப்பைத்தான் ஆங்க்கர், அதாவது நங்கூரம் என்றார் ஷைன். முதலில் ஐந்து வகை. பின்னர் எட்டானது: தொழில்நுட்பத் தேர்ச்சி, பொது நிர்வாகம், சுதந்திரம், பாதுகாப்பும் நிலைத்தன்மையும், சொந்தமாக ஒன்றைத் தொடங்கும் உந்துதல், சேவை, சவால், வாழ்க்கைமுறையோடு ஒத்துப்போவது.

இதற்கு 40 வாக்கியங்கள் கொண்ட வினாத்தாள் ஒன்று உண்டு. அதை மட்டும் நிரப்பிவிட்டு நிறுத்திக்கொள்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். சேவை, சவால் என்பதெல்லாம் கேட்க அழகாக இருப்பதால் அவற்றுக்கு மதிப்பெண் தாராளமாக விழும். முறையின் உயிர் பேட்டியில் இருக்கிறது. உங்களைக் கேள்வி கேட்க ஒருவரை உட்கார வைத்து, இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். பதினொன்றாம் வகுப்பில் எடுத்த குரூப்பிலிருந்து தொடங்கி, கல்லூரிப் படிப்பு, முதல் வேலை, ஒவ்வொரு வேலை மாற்றம், மறுத்த வாய்ப்புகள் என்று திருப்பங்களை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி: என்ன எதிர்பார்த்துப் போனேன், எதை இழந்தேன், எதை இழக்கச் சம்மதிக்கவில்லை?

நம் ஊரில் நான்காவதாக ஒரு கேள்வியைச் சேர்த்தாக வேண்டும்: இந்த முடிவை எடுத்தது யார்? குரூப்பை மதிப்பெண் தீர்மானித்திருக்கும், பொறியியல் பிரிவைக் கவுன்சலிங் கட்-ஆஃப் தீர்மானித்திருக்கும், முதல் வேலையைக் கேம்பஸ் தீர்மானித்திருக்கும். அப்பாவோ மாமாவோ எடுத்த முடிவை வைத்து உங்கள் நங்கூரத்தைத் தேட முடியாது. அந்த வரிகளை அடித்துவிடுங்கள். மீதி இரண்டோ மூன்றோதான் நிற்கும். பரவாயில்லை, மறுத்த வாய்ப்புகளைச் சேர்த்தால் எண்ணிக்கை கூடும். வேண்டாம் என்று சொன்னவை வேண்டும் என்று சொன்னவற்றைவிடத் தெளிவாகப் பேசும்.

அதிகமாக நடக்கும் தவறு, நெருக்கடியை நங்கூரம் என்று நினைத்துக்கொள்வது. வீட்டுக் கடன் இஎம்ஐ ஓடிக்கொண்டிருக்கும்போது எல்லோருக்கும் பாதுகாப்புதான் முதலிடத்தில் வரும். பிரித்துப் பார்க்க ஒரு சோதனை இருக்கிறது: நாளைக்கே கடன் அடைந்துவிட்டால் இதே வேலையில் இதே முடிவைத்தான் எடுப்பீர்களா? ஆம் என்றால் அது நங்கூரம். இல்லை என்றால் அது நிலைமை. நிலைமைக்குத் தேதி உண்டு, அந்தத் தேதியைத் திட்டத்தில் எழுதிக்கொள்ளலாம்.

பொது நிர்வாகம் மேலே வந்தால் மேனேஜர் பக்கம். தொழில்நுட்பத் தேர்ச்சியோ சுதந்திரமோ வந்தால் ஆர்க்கிடெக்ட், ஸ்பெஷலிஸ்ட் வழி. ஆனால் அந்த இரண்டாவது வழி உங்கள் நிறுவனத்தில் உண்மையில் இருக்கிறதா என்று பாருங்கள். இரட்டை ஏணி உண்டு என்று எச்.ஆர். கொள்கையில் எழுதியிருக்கும், நிபுணர் ஏணியில் மேல்படியில் யாராவது நிற்கிறார்களா, அவர் சம்பளம் மேனேஜர் சம்பளத்துக்கு நிகரா என்று விசாரித்தால் தெரிந்துவிடும்.

இதோடு ஒரு வெள்ளோட்டம் சேர்ந்தால் முடிவு இன்னும் உறுதியாகும். பதவியை ஏற்கும் முன் ஆறு முதல் எட்டு வாரம், மேனேஜர் வேலையின் துண்டுகளைக் கேட்டு வாங்கிச் செய்யுங்கள்: ஒரு ஜூனியரின் அரையாண்டு ரிவியூவை எழுதுவது, நான்கைந்து பேரை இன்டர்வியூ செய்வது, இரண்டு பேர் சண்டையில் நடுவில் உட்காருவது, வாடிக்கையாளர் மேலிடத்துக்குப் புகார் கொண்டுவரும் எஸ்கலேஷன் போனை எடுப்பது. ஒவ்வொரு நாள் மாலையும் எது களைப்பாக்கியது, எது நேரம் போனதே தெரியாமல் ஓடியது என்று ஒரு வரி எழுதி வையுங்கள். ரிவியூ எழுதுவதைத் தொடர்ந்து தள்ளிப்போட்டு இரவு கோடு திருத்த உட்கார்ந்திருந்தால், வினாத்தாள் என்ன சொன்னாலும் பதில் அங்கே இருக்கிறது.

துறை மாற்றம்: ஹாலந்தின் ஆறு எழுத்துகள்

ஜான் ஹாலந்து என்ற அமெரிக்க உளவியலாளர் 1959இல் முன்வைத்த கோட்பாடு, தொழில் ஆர்வத்தை ஆறாகப் பிரிக்கிறது: கையால் செய்வது, ஆராய்வது, படைப்பது, மனிதர்களுக்கு உதவுவது, முன்னின்று நடத்துவதும் விற்பதும், ஒழுங்குபடுத்திக் கணக்கு வைப்பது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ரியாசெக் என்பார்கள். அமெரிக்கத் தொழிலாளர் துறை இதை வைத்து நடத்தும் ஓ*நெட் ஆர்வச் சோதனை இலவசம். குறுகிய வடிவத்தில் 60 கேள்வி, கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். கட்டணம் வாங்கும் பல தளங்கள் தருவதைவிட இது குறைந்ததல்ல.

நம்மவர்கள் இதில் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. செங்கல் பதிப்பது, சமையலறை அலமாரி செய்வது பிடிக்குமா என்ற மாதிரிக் கேள்விகள் வரும். படிப்பையும் வருமானத்தையும் நினைக்காமல், அந்த வேலை பிடிக்குமா என்று மட்டும் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும் என்பது விதி. இங்கே கைவேலை என்றதும் அந்தஸ்து குறுக்கே வந்துவிடுகிறது. வார இறுதியில் மிக்ஸியைக் கழற்றிச் சரிபார்ப்பவர்கூட "செங்கல் பதிப்பது" என்றதும் பிடிக்காது என்று அழுத்திவிடுவார். கையால் செய்யும் பிரிவில் மதிப்பெண் பொய்யாகக் குறையும். பொருளைக் கையில் எடுத்து உருவாக்குவது பிடிக்குமா என்று கேள்வியை மனதுக்குள் மாற்றிக்கொண்டு பதில் சொல்லுங்கள்.

முடிவு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, அதிக மதிப்பெண்ணுக்கும் குறைந்த மதிப்பெண்ணுக்கும் இடைவெளி எவ்வளவு என்பது. ஆறும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் இருந்தால் அந்த டெஸ்ட் உங்களைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் "பரவாயில்லை" என்று அழுத்தியிருப்பீர்கள். இரண்டாவது, அது காட்டும் வேலைப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பட்டியல் அமெரிக்கச் சந்தைக்கானது. அங்கே உள்ள உரிமமும் சம்பளமும் இங்கே இல்லை. பட்டியலில் வந்த பத்து வேலைகளைத் திறந்து, ஒவ்வொன்றிலும் தினசரி என்ன செய்கிறார்கள் என்ற பகுதியைப் படியுங்கள். திரும்பத் திரும்ப வரும் நான்கைந்து செயல்களைக் குறித்துக்கொண்டு, அந்தச் செயல்கள் இங்கே எந்த வேலையில் அதிகம் என்று தேடுங்கள். மக்களுக்குக் கற்றுத்தருவதும் ஒழுங்குபடுத்துவதும் மேலே வந்த டெஸ்டர் ஒருவர் வேலையை விட்டுவிட்டு பி.எட். சேர வேண்டியதில்லை. மென்பொருள் நிறுவனத்திலேயே பயிற்சிப் பிரிவு, வாடிக்கையாளருக்குக் கற்றுத்தரும் பிரிவு இருக்கின்றன.

ஆர்வம் திறமை ஆகாது என்பதையும் மறக்க வேண்டாம். படைக்கும் பிரிவில் அதிக மதிப்பெண் என்றால் அந்தப் பக்கம் மனம் போகிறது என்று பொருள். டிசைனர் ஆகிவிட்டீர்கள் என்று பொருள் இல்லை. துறை மாற நினைப்பவர்கள் ஹாலந்தில் திசையைப் பார்த்துவிட்டு, புதிய பணிக்கு மேலே சொன்ன அட்டவணையையும் போட வேண்டும். பூஜ்யங்கள் எத்தனை என்று பார்த்தால், மாற்றத்துக்கு ஆறு மாதம் ஆகுமா இரண்டு வருடம் ஆகுமா, அதுவரை வீட்டுச் செலவுக்குச் சேமிப்பு தாங்குமா என்ற கணக்கு தானாக வந்துவிடும்.

குணம் பார்க்கும் டெஸ்ட்டுகள்

எல்லோருக்கும் பிடித்தது எம்பிடிஐ. உளவியலாளர் கார்ல் யுங்கின் கோட்பாட்டை அடிப்படையாக வைத்து, கேத்தரின் பிரிக்ஸ் என்ற அம்மாவும் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸ் என்ற மகளும் உருவாக்கியது, 16 வகை, ஒவ்வொன்றுக்கும் நான்கெழுத்துக் குறி. இணையத்தில் இலவசமாக நான்கெழுத்து தரும் பல தளங்கள் அசல் எம்பிடிஐயே அல்ல. அசலிலும் ஒரு கோளாறு இருக்கிறது. குணங்கள் ஒரு கோட்டில் பரவிக் கிடப்பவை; பெரும்பாலானவர்கள் நடுப்பகுதியில்தான் இருப்பார்கள். கோட்டை நடுவில் வெட்டி இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பிரித்தால், நடுவில் நிற்பவர் அடுத்த மாதம் இரண்டு கேள்விக்குப் பதில் மாற்றினாலே வேறு வகைக்குப் போய்விடுவார். ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று வெளியிடும் நிறுவனமே சொல்கிறது. மற்றவர் எடுக்கக் கூடாத முடிவை இதை வைத்து நீங்களே உங்களுக்கு எடுத்துக்கொள்வானேன்?

குணத்தைத்தான் பார்க்க வேண்டும் என்றால் பிக் ஃபைவ் மேல். வகை பிரிக்காமல் ஐந்து குணங்களுக்கும் அளவு தருகிறது. 120 கேள்வி கொண்ட இலவச வடிவம் இருக்கிறது. எந்த வேலை என்பதற்கு இது பதில் தராது, எப்படிப்பட்ட சூழல் என்பதற்குக் கொஞ்சம் தரும்: திறந்தவெளி அலுவலகமா, வீட்டிலிருந்து வேலையா, தினமும் பத்து மீட்டிங்கா. கூச்ச சுபாவம் என்று வந்ததால் மேனேஜர் பதவியை மறுப்பதெல்லாம் வேண்டாத வேலை.

கேலப் நிறுவனத்தின் கிளிஃப்டன்ஸ்ட்ரெங்த்ஸ் கட்டணம் உள்ளது. 177 ஜோடி வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 20 விநாடி. 34 பலங்களில் உங்களுடைய முதல் ஐந்தைச் சொல்லும். அந்த வரிசை உங்களுக்குள் எது மேலே என்பதுதான், மற்றவர்களைவிட மேலே என்பதல்ல. குறைகளைப் பற்றி அந்த அறிக்கை அதிகம் பேசாது. உங்களைப் பற்றி எழுத வார்த்தை கிடைக்காமல் தவிப்பவருக்கு, ரெஸ்யூமே எழுதும்போது உதவும். நிறுவனம் பணம் கட்டினால் எழுதுங்கள். சொந்தக் காசு என்றால் அதைத் தேவைப்படும் ஒரு கோர்ஸுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு முறை இரண்டு பதில் சொன்னால்

ஆர்வச் சோதனை துறை மாறு என்கிறது, ஆங்க்கர் பேட்டி இங்கேயே இரு என்கிறது என்று அடிக்கடி நடக்கும். பெரும்பாலும் இரண்டும் சரியாகவே இருக்கும். வேலையின் உள்ளடக்கம் பிடிக்கவில்லை, வேலை தரும் நிலைமை பிடித்திருக்கிறது. அப்படிப்பட்டவர் நிறுவனத்தை விடாமல் பிரிவை மாற்றிப் பார்ப்பது நல்லது. நேர்மாறாக வந்தால், அதாவது உள்ளடக்கம் பிடித்திருக்கிறது, நிலைமை பிடிக்கவில்லை என்றால், அதே வேலையை வேறு நிறுவனத்தில் தேடுங்கள். டெஸ்ட்டுக்கும் ஆதாரத்துக்கும் முரண் வந்தால் ஆதாரத்தின் பக்கம் நில்லுங்கள். வெள்ளோட்டத்தில் எழுதிய எட்டு வாரக் குறிப்பு, கால் மணி நேரத்தில் அழுத்திய 60 பொத்தான்களைவிடக் கனமானது.

ஒரு மோசமான வாரத்தின் முடிவிலோ, மேனேஜரோடு சண்டை போட்ட அன்றோ எதையும் நிரப்பாதீர்கள். துறை மாற்றம் போன்ற பெரிய முடிவுக்கு ஆர்வச் சோதனையை மூன்று வார இடைவெளியில் இரண்டு முறை எழுதுங்கள். ஆறு பிரிவுகளில் அதிக மதிப்பெண் பெற்ற முதல் இரண்டின் எழுத்துகள் மாறாமல் வந்தால் போதும், மூன்றாவது எழுத்து மாறுவதைப் பொருட்படுத்த வேண்டாம்.

எந்த முறையில் முடிவெடுத்தாலும் அதோடு சேர்த்துச் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. மேலாண்மை அறிஞர் பீட்டர் டிரக்கர் பரிந்துரைத்தது. முடிவெடுக்கும் அன்றே, இதனால் என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்பதை எழுதி மூடி வைப்பது. ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம் கழித்துத் திறந்து நடந்ததோடு ஒப்பிடுவது. அரைப் பக்கம் போதும், ஆனால் எண் இருக்க வேண்டும்: எத்தனை இன்டர்வியூ, எவ்வளவு சம்பளம், அட்டவணையில் எந்த வரி ஒன்றிலிருந்து மூன்றாகும். மற்ற முறைகள் உங்கள் திறனையும் ஆர்வத்தையும் அளக்கின்றன. உங்கள் கணிக்கும் திறனையே அளப்பது இது ஒன்றுதான். இரண்டு மூன்று முறை திறந்து பார்த்த பிறகு, எந்த விஷயத்தில் எப்போதும் மிகைப்படுத்துகிறீர்கள், எதில் வேண்டாத பயம் என்று தெரியவரும். அடுத்த அட்டவணையில் மதிப்பெண் போடும்போதே கை அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். திறக்கும் தேதியை இப்போதே காலண்டரில் போட்டுவிடுங்கள், மார்ச், ஏப்ரலைத் தவிர்த்து.